பெயரை எடுக்காதீர்கள்: கல்லூரி முதல்வருக்கும் கல்விக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், துறைத்தலைவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நம் துறை அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று, அக்டோபர் 10 உலக மனநல நாள் விழாவின் சுவரொட்டி. சிறப்பு விருந்தினரின் படம், பச்சை ரிப்பன், 'மனம் விட்டுப் பேசுவோம்' என்ற வாசகம். அதை ஒட்டினாற்போல், வருகை குறைந்ததால் இந்தப் பருவத் தேர்வை எழுத முடியாதவர்களின் பட்டியல். பதிவெண், முழுப்பெயர், வருகை விழுக்காடு எல்லாம் தடித்த எழுத்தில். ஒருவருக்கு 58.3 என்று தசமம் பிசகாமல் போட்டிருந்தது. முதலாண்டுப் பிள்ளைகள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு தாளிலும் ஒரே முத்திரை, ஒரே கையெழுத்து.

போன வருடம் அந்தப் பலகையில் என் பெயர் இருந்தது. ஐந்தாம் பருவத்தில் டீட்டெய்ன் ஆகி, அதாவது தேர்வு எழுத விடாமல் நிறுத்தப்பட்டு, இந்த ஜூலையிலிருந்து ஜூனியர் பேட்சோடு மறுபடியும் அதே ஐந்தாம் பருவத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விதிகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருகை 75 விழுக்காடு இருந்தால் தேர்வு; 65க்கு மேல் என்றால் மருத்துவச் சான்றிதழும், குறைந்த வருகையைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கண்டனேஷன் கட்டணமும்; அதற்கும் கீழே போனால் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். அந்த விதிப்படி என்னை நிறுத்தியதைப் பற்றி வழக்காட வரவில்லை. நிறுத்திய பிறகு எங்களை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டீட்டெய்ன் ஆன மாணவனின் பெயரைக் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

ஐந்தாம் பருவம் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறது. நவம்பரில் நிறுத்தப்பட்டவன் அடுத்த ஜூலை வரை காத்திருக்க வேண்டும். விதியில் ஒரு பருவம். வாழ்க்கையில் போவது ஒரு முழு வருடம். அந்த இடைப்பட்ட மாதங்களில் நாங்கள் யாருடைய பிள்ளைகள்? ஐடி கார்டை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நூலகக் கணக்கு முடங்கியது. விடுதி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். என்னைக் கவனித்துக்கொள்ள மென்டார் என்று ஒரு ஆசிரியர் இருந்தார், நல்ல மனிதர்தான். அவர் பட்டியலில் என் இடத்தில் வேறு பெயர் வந்துவிட்டது. கல்லூரி மனநல ஆலோசகரைப் பார்க்கலாம் என்று ஒரு முறை வந்தேன். வாயில் காவலர் ஐடி கார்டு கேட்டார். இல்லை என்றதும், "அப்ப நீங்க யாரு தம்பி, யாரைப் பார்க்கணும்?" என்று பார்வையாளர் நோட்டை நீட்டினார். ஆலோசகர் மிகவும் தேவைப்பட்ட மாதங்களில்தான் அவரை எட்ட வழியில்லாமல் போனது. ரேஷன் கார்டில் ஒரு பேரை எடுக்கக்கூட ஆயிரம் சான்று கேட்கிறார்கள். இங்கே ஒரு சுற்றறிக்கை போதுமாக இருக்கிறது.

வீட்டில் அப்பாவுக்குத் தறி வேலை. இரவு ஷிப்ட் முடித்து விடிகாலையில் வந்து படுப்பார். இருப்பது ஒரே அறை. 'பையனுக்குப் புராஜெக்ட் லீவு' என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். அந்தச் சொல்லைக் காப்பாற்றவாவது வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று, காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போய்விடுவேன். ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கும் குரூப் 4 படிக்கிறவர்களுக்கும் நடுவே ஒரே செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வரியும் உள்ளே போகாது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்றைக்குப் பேருந்து நிலையம். பேச்சே இல்லாமல் நாள் முடிந்துவிடும். சாயங்காலம் அம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும்.

இது நோய் என்று எனக்குச் சொன்னவர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு மருத்துவர். ஓபி சீட்டு போட்டு, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் தின்று தேறி வருகிறேன். தூக்கம் வராத இரவுகளில் 14416க்குப் பேசினேன். டெலி மானஸ், கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணை மருத்துவமனைச் சுவரில்தான் முதன்முதலில் பார்த்தேன். நம் கல்லூரியில் எந்தச் சுவரிலும் பார்த்த நினைவில்லை. அந்த விழாச் சுவரொட்டியிலும் இல்லை.

நிறுத்தப்படுவதற்கு முன்னால் சான்றிதழோடு அலுவலகத்துக்கு வந்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 'மனநலப் பிரிவு' என்ற முத்திரையைப் பார்த்ததும் அங்கிருந்தவர் தாளை என் பக்கமே திருப்பித் தள்ளினார். "தம்பி, இதெல்லாம் ஃபைல்ல ஏறினா உனக்குத்தான் பின்னாடி கஷ்டம். மஞ்சக்காமாலைன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்துரு." அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் பாருங்கள், வராத மஞ்சள்காமாலைக்கு இந்தக் கல்லூரியில் மதிப்பு இருக்கிறது, வந்த மனச்சோர்வுக்கு இல்லை. சிகிச்சையில் உடல் நோய்க்கும் மன நோய்க்கும் பாகுபாடு கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நம் அலுவலகத்து மேசை வரைக்கும் அது இன்னும் வரவில்லை.

'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று ஒரு விதி இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முறையான காரணம் காட்டி ஒரு வருடம் இடைவெளி எடுத்துக்கொள்ளலாம். சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்புக்குக்கூடத் தடையில்லை. டீட்டெய்ன் ஆனால் அந்தத் தகுதி போச்சு. இழக்கும் வருடம் ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். முன்கூட்டியே விண்ணப்பித்தவனுக்கு ஒரு நீதி, விண்ணப்பிக்காதவனுக்கு வேறு நீதி. தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள், காரணமும் திரும்பி வரும் நாளும் குறிப்பிட்டு, முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். படுக்கையை விட்டு எழ முடியாதவனிடம் போய் எழுந்து வரும் தேதியை எழுதிக் கொடு என்று கேட்கும் விதி இது.

ஜூலையில் திரும்பி வந்தபோது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மறுசேர்க்கை ஆணை வரும்வரை, வருகையும் கட்டணமும் பதியும் கல்லூரிக் கணினி முறையான ஈஆர்பியில் பெயர் ஏறாது. ஏறாத பெயரை ஆசிரியர் கூப்பிட முடியாது. முதல் எண்ணிலிருந்து கடைசி வரை கூப்பிட்டு, பிறகு நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்த லேட்டரல் என்ட்ரி மாணவர்களையும் கூப்பிட்டு முடித்து, டேப்லெட்டை மூடப் போகும்போது நான் எழுந்து நிற்க வேண்டும். "சார், ரீஜாயின்." வகுப்பே ஒரு முறை திரும்பிப் பார்க்கும். ஆசிரியர் ஏதாவது ஒரு துண்டுத் தாளைத் தேடி என் பெயரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த மணி, அடுத்த ஆசிரியர், மறுபடியும் "மேம், ரீஜாயின்." கூட்டத்தில் தலைகாட்டவே கூசுகிறவனை ஒவ்வொரு மணிக்கும் எழுப்பி நிறுத்தி, தன் நிலையைத் தானே அறிவிக்க வைப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு செய்ய முடியாது. சில நாள் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் பேசாமல் இருந்துவிட்டேன். வகுப்பில் இருந்தும் அன்றைக்கு நான் வரவில்லை என்றே ஆனது.

ஆகஸ்ட் பாதியில் பெயர் ஏறியது. அதுவரையிலான துண்டுச் சீட்டுகளில் பல எங்கே போயின என்று எழுதியவர்களுக்கே தெரியவில்லை. வருகை குறைந்ததற்காக நிறுத்தப்பட்டவனுக்கு, வந்த நாட்களுக்கும் வருகை இல்லை. பெயர் ஏறிய சில நாட்களில் அப்பாவின் போனுக்குக் கல்லூரியிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது: உங்கள் மகனின் வருகை குறைவாக உள்ளது. அப்பா என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு அவர் ஷிப்டுக்குப் போகவில்லை என்று அம்மா சொன்னார். இதே ஈஆர்பியில், கட்டணப் பகுதியில் மட்டும், என் பெயர் ஜூன் மாதமே ஏறிவிட்டிருந்தது.

ஜூனியர்கள் மேல் எனக்குக் குறையில்லை. லேபில் மும்மூன்று பேராகச் சேரச் சொன்னபோது, "எங்க டீம் ஃபுல்லுங்கண்ணா" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். 'அண்ணா' என்று கூப்பிட்டுவிட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அரட்டை அடிக்க அவர்களுக்கும் வராது. பழைய பேட்ச் இப்போது ஏழாம் பருவம். டை கட்டிக்கொண்டு பிளேஸ்மென்ட் அறைக்குப் போகும் வழியில் பார்த்தால் "என்னடா, எப்படி இருக்க?" என்பார்கள். பதிலுக்கு நிற்க நேரமிருக்காது. இதற்கெல்லாம் கல்லூரி மருந்து போட முடியாது, தெரியும். பெயர் பதிவேட்டிலேயே இருந்திருந்தால் அந்தத் துண்டுச் சீட்டு நாடகமாவது மிச்சமாகியிருக்கும்.

மனநல நாள் விழாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரங்கு நிரம்ப வேண்டும் என்று மூன்றாம் ஆண்டு வகுப்புகளை அழைத்துப் போனார்கள். வராதவர்களுக்கு முழு நாள் ஆப்சென்ட் என்று வகுப்புக் குழுவில் செய்தி வந்தது. மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று கேட்க வராவிட்டால் ஆப்சென்ட்! கோலப்போட்டியில் மூளை வரைந்த கோலத்துக்கு முதல் பரிசு. ஜியோ டேக் போட்ட படங்கள் அன்று மாலையே கோப்புக்குப் போயிருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது பக்கம் புரட்டிப் பாராட்டும். ஆலோசகர் அறை எந்த மாடியில் இருக்கிறது என்று மட்டும் அந்த விழாவில் யாரும் சொல்லவில்லை. மென்டார் நோட்டில் 'மாணவர் குறை: இல்லை' என்று மாதாமாதம் நாங்களே எழுதிக் கையெழுத்துப் போடுகிறோமே, அந்த நோட்டையும் ஒரு நாள் கண்காட்சிக்கு வைக்கலாம்.

மன்னிக்கவும். பணிவாகக் கேட்க வந்தவன் எங்கோ போய்விட்டேன்.

2025 ஜூலை 25 அன்று, ஒரு மாணவியின் மரணம் பற்றிய சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உங்கள் பார்வைக்கு வந்திருக்கும். 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற கணக்கை எடுத்துச் சொல்லித்தான் நீதிபதிகள் அந்த வழிகாட்டுதல்களை வகுத்தார்கள். நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும், உதவி எண்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும், மாணவரைப் பலர் அறிய அவமானப்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தசமப் புள்ளியோடு பலகையில் பெயர் ஒட்டுவது இதில் எந்த வகையில் சேரும் என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பரிவு புதிதும் அல்ல. பிளஸ் டூவில் தவறிய பிள்ளைக்கு அதே கோடையில் துணைத்தேர்வு வைத்து, அதே வருடம் கல்லூரியில் சேர வழி செய்து கொடுத்திருக்கிறது அரசு. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று பள்ளிக்கல்வியில் யாரோ யோசித்திருக்கிறார்கள். கல்லூரிக்கு வந்துவிட்டால் அந்தக் கவலை தேவையில்லை என்று யார் முடிவு செய்தது?

நம்முடையது தன்னாட்சிக் கல்லூரி. ஒழுங்குமுறையைத் திருத்தும் அதிகாரம் கல்விக்குழுவுக்கு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். டீட்டெய்ன் ஆன மாணவன் மறுபடி சேரும்வரை பதிவேட்டில் இருக்கட்டும். ஐடி கார்டு, நூலகம், ஆலோசகர் ஆகிய மூன்றும் அவனிடமே இருக்கட்டும். மென்டார் மாறாமல், அவ்வப்போது போனிலாவது கூப்பிட்டுப் பேசட்டும். திரும்பி வரும் நாளில், ஆணை வந்தாலும் வராவிட்டாலும், வருகைப் பட்டியலில் மற்றவர்களைப் போல அவன் பெயரும் கூப்பிடப்படட்டும். மனநலச் சான்றிதழோடு பின்னால் வருகிறவனுக்கும் பிரேக் ஆஃப் ஸ்டடி கொடுக்க வழி செய்யுங்கள். இதில் எதற்கும் கட்டடம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். பெயரை எடுக்காமல் இருந்தால் பாதி வேலை தானே முடிந்துவிடும்.

கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாத ஒன்றும் உண்டு. பலகையில் இருக்கும் பட்டியலை இன்றே எடுத்துவிட்டு, அதில் இருப்பவர்களைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேச யாரையாவது நியமியுங்கள். அவர்களில் ஒருவன் எங்கள் விடுதியில்தான் இருக்கிறான். பட்டியல் வந்ததிலிருந்து மெஸ் பக்கம் சரியாக வருவதில்லை. நானும் என் அறைக்காரனும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருகிறோம். அது போதாது. ஆலோசகரை அவனிடம் அனுப்புங்கள் ஐயா, தயவுசெய்து இந்த வாரமே.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்,
மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் பருவம்