ஞாயிறு மீசப்புலிமலை ஏறுபவர்கள் கவனத்திற்கு

போன தடவை உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்தபோது பத்தே நிமிடத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போனவரின் சிவப்புப் பைகூடத் தெரியவில்லை. நடப்பதை நிறுத்தி, விசில் ஊதிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தே இருந்தோம். அதனால்தான் எல்லாரும் சேர்ந்து திரும்பினோம். ஆளுக்கொரு விசில் கட்டாயம்.

2640 மீட்டர் உயரம், நனைந்தால் நடுக்கம் நிற்காது. மாற்றுச் சட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள்.

புல் காய்ந்து கிடக்கிறது. தீப்பெட்டி, பீடி எதுவும் வேண்டாம். 2018 மார்ச்சில் காட்டுத்தீ 23 பேரைக் கொண்டுபோன குரங்கணி, நமக்குக் கிழக்கே தமிழ்நாட்டுச் சரிவில்தான் இருக்கிறது. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும், மறக்காதீர்கள்.

வழிகாட்டியைத் தாண்டி யாரும் முன்னே போகக்கூடாது. அப்புறம், இடி கேட்டால் உச்சியைத் தொடாமலே இறங்கிவிடுவோம். காலை 5 மணிக்கு மூணாறில் சந்திப்போம்.