கிளாஸ் ஃபைபர் கம்பிய இரும்பு மாதிரி கட்டாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் 20 வருஷமா கம்பி கட்டுற வேலை பாக்குறேன். இப்ப அஸ்திவாரத்துக்கு இரும்புக்கு பதிலா கிளாஸ் ஃபைபர் கம்பி (கண்ணாடி இழைய ரெசின்ங்கிற பிசின்ல சேத்து செஞ்ச கம்பி) போடலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க, துருப்பிடிக்காது, எடை இரும்புல கால்வாசிதான், ஒரு கட்டு கம்பிய ஒரே ஆளு தோள்ல தூக்கிட்டு வந்துரலாம், எல்லாம் உண்மைதான். ஆனா அந்த லேசுதான் கட்டும்போது சிக்கல்.

முதல் தடவ இரும்புக்கு கட்டுற பழக்கத்துல கம்பியும் கம்பியும் குறுக்க சேர்ற சந்துல ஒண்ணு விட்டு ஒண்ணுதான் கட்டினேன். கான்கிரீட் கொட்டி அத இறுக்க வைப்ரேட்டர் விட்டதும் மேட், அதாவது கட்டி வெச்ச கம்பி வலை, ஒரு பக்கமா மேல எழும்பிருச்சு. இரும்பு கான்கிரீட்ட விட மூணு மடங்குக்கு மேல கனம், தானா அடியில கிடக்கும், இது கான்கிரீட்ட விட லேசு, மிதக்கத்தான் பாக்கும். ஆட்கள இறக்கி மிதிச்சு பிடிச்சோம், அப்பவும் கவர், அதாவது கம்பிய மூடி இருக்க வேண்டிய கான்கிரீட் கனம், எல்லா இடத்துலயும் சரியா நின்னுச்சான்னு எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல. அதுலருந்து ஓரம் பூரா ஒரு சந்து விடாம கட்டுறேன், நடுவுலயும் நெருக்கி கட்டி, மேட்ட கீழ இழுத்து பிடிக்கவும் தனியா கட்டு போடுறேன். மிதிச்சா தொய்யும், அதனால கம்பிக்கு அடியில முட்டு குடுக்குற கவர் பிளாக்கும் நெருக்கமா வேணும்.

கட்டுறதுக்கு பிளாஸ்டிக் டை, இல்ல பிளாஸ்டிக் பூசின கட்டுக்கம்பி நல்லது. துருவுக்கு பயந்து இந்த கம்பிய வாங்கிட்டு சாதா கட்டுக்கம்பிய சுத்துறதுல என்ன இருக்கு?

சைட்ல வளைக்கவே முடியாது, சூடு காட்டினா உள்ள இருக்குற ரெசின் கெட்டுப்போகும். எல் வளைவு, ரிங் எல்லாம் ஃபேக்டரியிலயே வளைச்சு வரணும். டிஸ்க் போட்டு அறுக்கும்போது கண்ணாடித் தூசி பறக்கும், மாஸ்க், கிளவுஸ், முழுக்கை சட்ட இல்லாம எந்தப் பையனையும் நிறுத்தாதீங்க.

"இது இரும்ப விட ஸ்ட்ராங், ஒரு சைஸ் கம்மியா போடலாம்"னு விக்கிறவங்க சொல்றத நம்பி டிராயிங்க மாத்துறாங்க ஐயா, அதுதான் எனக்கு பயம். இழுவைக்கு பலம் ஜாஸ்திதான், ஆனா இரும்போட விறைப்பு, அதாவது இழுத்தா நீளாம நிக்கிற தன்மை, 200 கிகாபாஸ்கல்னா இதுக்கு 45லருந்து 60 வரைக்கும்தான், விரிசல் அகலமா வரும், உடையிறப்ப இரும்பு மாதிரி நீண்டு எச்சரிக்கையும் குடுக்காது. அமெரிக்காவுல ஏசிஐங்கிற கான்கிரீட் அமைப்பு இதுக்குன்னு 2022ல ஏசிஐ 440.11னு தனி கோடே, அதாவது கட்டுமான விதிமுறையே, போட்டாங்க, இரும்புக்கு போட்ட கணக்கு இதுக்கு ஆகாதுன்னுதானே. உங்க பேப்பர்ல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர வெச்சு இதப்பத்தி விவரமா எழுத சொல்லுங்க.

இப்படிக்கு,
கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர்