வேதபாட வகுப்பில் கேள்விக்கு இடம் கொடுங்கள்: சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டியின் செயலர், பொருளாளர், மூப்பர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கடந்த ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்பட்ட அறிவிப்பைப் பற்றியே இம்மடல். புதன்கிழமை வேதபாட வகுப்பில் இனி யாரும் எழுந்து கேள்வி கேட்கக் கூடாது, சந்தேகம் உள்ளவர்கள் அதை எழுதிச் செயலரிடம் கொடுக்க வேண்டும், தகுதியானது என்று கமிட்டி கருதும் கேள்விகளுக்கு மட்டும் பிறகு பதில் தரப்படும் என்று அறிவித்தீர்கள். காரணம் சொல்லப்படவில்லை, சொல்லாமலே சபையார் அனைவருக்கும் தெரியும். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அந்த அறிவிப்புக்குக் காரணமான வகுப்பில் அன்று யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரம் நடந்தது. பாடம் எடுத்த மூப்பர், யூதாஸ் வெளியேறிய பிறகே ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவினார் என்று விளக்கினார். பின் வரிசையில் இருந்த அம்மா ஒருவர், வேதாகமத்தில் விரலை வைத்துக்கொண்டே எழுந்து, "ஐயா, அவன் எந்திரிச்சுப் போனது முப்பதாம் வசனத்துலதானுங்களே? கழுவி முடிச்சது பன்னெண்டாம் வசனத்துலயே வந்துருதுங்களே? அப்போ அவன் காலையும் கழுவியிருக்காருங்களே?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுவதும் சரி. வசனத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால், தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கு முன்னும் குனிந்தவர் நம் ஆண்டவர் என்பதை அன்று அந்த வகுப்பே சேர்ந்து கண்டிருக்கும். அதற்குப் பதிலாக, "படித்தவர்கள் பேசும்போது இடையில் பேசாதீர்கள்" என்ற சொல்தான் அவருக்குக் கிடைத்தது. கால் கழுவுதலைப் பற்றிய பாடத்திலேயே அப்படி நடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த அம்மா யார் என்பது உங்களுக்குத் தெரியும். தறிப்பட்டறையில் நெசவுக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவர். பகல் ஷிப்ட் முடிந்ததும், தலைமுடியில் ஒட்டிய பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வகுப்புக்கு வருகிறவர். வயது வந்த பிறகு, மாலை வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். வேதாகமத்தை வாசிப்பதற்காகவே கற்றார். வாசிக்க அவருக்கு வரும், எழுதக் கை வராது. ரேஷன் கடையில் கையெழுத்துப் போடவே நேரம் எடுத்துக்கொள்கிறவர், அப்போஸ்தலர் நடபடிகளில் தமக்குள்ள சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் ஏற்பாடு. அந்தத் தாளை எழுத மகளிடம் கேட்க வேண்டும், மகளுக்கும் ஷிப்ட். பள்ளிபாளையத்திலும் ஈரோட்டிலும் தறியை நம்பி வாழும் எத்தனையோ குடும்பங்களின் நிலை இதுதான். ஆகவே, "எழுதிக் கொடுங்கள்" என்ற விதி எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றினாலும், வாயை அடைப்பது இவர்களைத்தான். அறிவிப்புக்குப் பின் வந்த புதன்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. நீங்களும் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திருத்தப்படுவதை அவமானமாக எண்ணும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? அலெக்சந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனாலும் அவன் யோவானுடைய ஞானஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தான். எபேசுவில் அவனை அழைத்துச் சென்று, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காண்பித்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள், அவர்களில் ஒருவர் பெண். அதனால் அப்பொல்லோவின் மதிப்புக் குறைந்ததா? பிற்பாடு பவுல், "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான்" என்று தம் பெயரோடு சேர்த்தல்லவா அவன் பெயரை எழுதினார்! பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களிடம் வினவியவரும் நம் ஆண்டவரே. அவரை யாரும் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை.

நம் மண்ணிலும் அப்படித்தான் நடந்தது. 1606இல் மதுரைக்கு வந்து, பின்னர் சேலம் வரை ஊழியம் செய்த இத்தாலிய மிஷனரி ராபர்ட் தெ நோபிலி, பேசுவதற்கு முன் இங்குள்ளவர்களிடம் மாணவராக உட்கார்ந்து தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். பின்னால் வந்த மிஷனரிமாரும் நம் பேச்சை நம்மவர் வாயிலிருந்தே கற்றார்கள். அவர்கள் கற்றதனால் கிடைத்த சபையில், இன்று கமிட்டித் தேர்தலில் வென்றவுடன் ஒருவருக்குக் கற்க ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது. முன்வரிசை நாற்காலி, பளிங்குக் கல்லில் பெயர், அசன விருந்தில் தனிப் பந்தி என எல்லாம் வந்துவிடுகின்றன. வேதபாட வகுப்பில் பாயில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் கமிட்டி அங்கத்தினரை மட்டும் நான் பார்த்ததில்லை. "என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது மூப்பர்களுக்கும் சேர்த்துத்தான். இதைச் சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டேன். மனத்தில் இருப்பது அதுதான்.

உங்கள் சிரமமும் எனக்குப் புரியாமல் இல்லை. சிலர் தங்கள் அறிவைக் காட்டிக்கொள்ளவே கேள்வி கேட்கிறார்கள். வகுப்பு நீண்டு, கடைசிப் பேருந்தைத் தவற விடுகிறவர்களும் உண்டு. அப்படியானால் இறுதிப் பத்து நிமிடத்தைக் கேள்விக்கென்று ஒதுக்குங்கள். ஒருவருக்கு ஒரு கேள்வி என்று வரையறை வையுங்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் மூப்பரைச் சபை இன்னும் அதிகமாக மதிக்கும். வாய்திறந்து கேட்கும் உரிமையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

ஆகவே, வருகிற ஞாயிறு ஆராதனையிலேயே அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டதாக வாசிக்கும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆயர் ஐயா அவர்களும் அன்று பாடம் எடுத்த மூப்பர் அவர்களும் புதன்கிழமைக்கு முன்பாக அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று, வகுப்புக்கு வரும்படி நேரில் அழைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் சென்றால் வீட்டில் இருப்பார்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் அன்புள்ள,
சேகர அங்கத்தினன் ஒருவன்