கேடோ ஏரியில் இரண்டு ராத்திரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு வழக்கமான சோம்பல்தான் காரணம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், சந்தோஷப்பட்டார்.

இங்கே சேதி என்று ஒன்றுதான் இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் குடும்பத்தோடு கேடோ ஏரி மாநிலப் பூங்காவில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கினோம். டாலஸிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம், லூசியானா எல்லையை ஒட்டிய இடம். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு அரசாங்கம் உருவாக்கிய பூங்கா. பக்கத்து ஊரின் பெயர் 'அன்சர்ட்டன்', அதாவது 'நிச்சயமில்லை'. நாம் காலேஜுக்குப் போன பஸ்ஸுக்கு வைத்திருக்க வேண்டிய பெயர்!

ஏரியைப் பார்த்ததும் பிச்சாவரம்தான் ஞாபகம் வந்தது. இங்கும் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன, ஆனால் சுரபுன்னை இல்லை, சைப்ரஸ். அடிமரம் பானை மாதிரிப் பருத்திருக்கிறது. இலையெல்லாம் துருவேறிய செம்பு நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. கிளைகளில் சாம்பல் நிறத்தில் சடை சடையாக ஒன்று தொங்குகிறது. அதைப் பாசி என்று சொல்கிறார்களே தவிர, உண்மையில் அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடியாம். முதலையும் உண்டு. உன் தங்கச்சி அதைக் கேட்டுவிட்டுத்தான் காரைவிட்டே இறங்கினாள்.

அப்பா வந்து நாலு மாதமாகிறது. சோபா, டிவி, ஜன்னல், இவ்வளவுதான் அவர் பார்த்த அமெரிக்கா. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்ப்பா" என்பார். அதற்கே எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

மறுநாள் காலையில் துடுப்பு வலிக்கும் கனூ என்ற ஒடுங்கிய படகு இரண்டை வாடகைக்கு எடுத்தோம். ஒன்றில் உன் தங்கச்சியும் பெரியவனும், மற்றதில் நான், அப்பா, சின்னவள். பின்னால் இருப்பவர்தான் திசை பார்க்க வேண்டும் என்று வீடியோவில் பார்த்திருந்ததால் நான் பின்னால் உட்கார்ந்தேன். இடது பக்கம் வலித்தால் வலது பக்கம் திரும்பியது, வலது பக்கம் வலித்தால் இடது பக்கம். நேராக மட்டும் போகவில்லை. மூன்றாவது தடவை மரத்தில் முட்டியதும் அப்பா, "கரைக்கு விடு" என்றார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கரையில் என்னை எழுப்பி முன்னால் அனுப்பிவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்தார்.

அவர் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளைக்காரர் என்பதையே நான் மறந்திருந்தேன், பாரேன்! ஒரே பக்கம்தான் வலித்தார். வலித்து முடிக்கும்போது மணிக்கட்டைத் திருப்பித் துடுப்பை லேசாக வெளியே தள்ளினார், அவ்வளவுதான். படகு கோடு போட்ட மாதிரிப் போனது. "யார் தாத்தா சொல்லிக்கொடுத்தது?" என்று சின்னவள் கேட்டதற்கு, "கழி இருந்தா ஊன்றியும் தள்ளுவேன்" என்றார். அப்புறம் இரண்டு மணி நேரம் யாரும் அதிகம் பேசவில்லை. தண்ணீரில் துடுப்பு இறங்கும் சத்தம், எங்கோ ஒரு மரங்கொத்தி.

ஓரிடத்தில் பச்சைப் பாய் விரித்ததுபோல் மிதக்கும் செடி வழியை அடைத்திருந்தது. ஆகாயத்தாமரையா என்றார் அப்பா. இல்லை, சால்வினியா. கேரளாக்காரர்கள் ஆப்பிரிக்கப் பாயல் என்பார்களே, அதேதான். அங்கே செய்ததுபோல் இங்கும் ஒரு வகை வண்டை வளர்த்து அதன்மேல் விடுகிறார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது பூங்கா விதி. அந்த விதி ரக்கூன் என்ற இந்த ஊர் ராத்திரிப் பிராணிக்குத் தெரியாது. காரில் வைக்க மறந்த முறுக்கு டப்பாவைத் திறந்து, கால்வாசிகூட மிச்சம் வைக்கவில்லை. உன் தங்கச்சி ஒரு மணி நேரம் செலவழித்துச் சுட்ட முறுக்கு. திட்டு எனக்குத்தான் விழுந்தது.

ஜனவரியில் அப்பா ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் இன்னொரு தடவை கூட்டிப்போ என்று அவராகவே கேட்டார். உனக்கும் ஒரு வேலை சொல்லியிருக்கிறார். கிள்ளையில் பெரியப்பா வீட்டுக் கொல்லைச் சார்ப்பில் ஒரு பழைய துடுப்பு செருகி வைத்திருந்ததாம். அந்தப் பக்கம் போனால் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் மாப்ளே