கிள்ளான் ஆற்றில் ஒரு படகு

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஓர் ஆங்கில இசைக்குழுவுக்கு ரசிகனாகிவிட்டேன். சிங்கப்பூரின் ஈசூன் கோப்பிக்கடையில் இதைச் சொன்னதும் நண்பர்கள் சிரித்தார்கள். இளையராஜாவைத் தாண்டிப் போகாதவன் நான்; அவர்கள் சிரித்ததில் தப்பில்லை.

கோல்ட்பிளே குழு 2024 ஜனவரியில் காலாங் தேசிய விளையாட்டரங்கத்தில் ஆறு இரவுகள் பாடியது. 26ஆம் தேதிக்கு என் மகள் தனக்கும் தோழிக்கும் டிக்கெட் எடுத்திருந்தாள். தோழிக்குக் காய்ச்சல் வந்துவிட, டிக்கெட் வீணாகக் கூடாதே என்று நான் கிளம்பினேன். அதற்கு முந்தைய நாள்தான் தைப்பூசம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுத்து நடந்த கால்வலி அப்படியே இருந்தது. ரயிலில் போகும்போது மகள் சொல்கிறாள், இந்தச் சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் குதிக்கக் குதிக்க மின்சாரம் எடுக்கும் தரையும், மிதித்தால் பேட்டரியில் சேரும் சைக்கிள்களும் உண்டு என்று. "நேத்தே சொல்லியிருந்தா கொஞ்சம் குறைச்சு நடந்திருப்பேனே" என்றேன்.

பாட்டுகளில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒளிர்ந்த பட்டை பிடித்துப்போனது. பேரனுக்கு ஆகுமே என்று அதைச் சட்டைப் பையில் போட்டேன். "அப்பா, அது செடிகொடியிலிருந்து செஞ்சது, அடுத்த ஊர்க் கச்சேரிக்கும் வேணும், திருப்பிக் கொடுங்க" என்று மகள் பிடுங்கித் தொட்டியில் போட்டாள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை நற்பணிகளுக்கு ஒதுக்குகிறார்கள், விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு மரம் நடுகிறார்கள் என்றும் சொன்னாள். முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். பத்தில் ஒன்று என்று யாராவது சொன்னால் எதில் பத்து என்று கேட்பது என் பழக்கம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

அப்படிப் படிக்கும்போதுதான் கிள்ளான் என்ற பெயர் கண்ணில் பட்டது. மலேசியாவில் நான் பிறந்து வளர்ந்த ஊர். பள்ளிக்குப் போக கோத்தா பாலத்தின் கீழ்த்தட்டில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போவோம். மேலே கார்கள், கீழே நாங்கள், அதற்கும் கீழே ஆறு. கோலாலம்பூர் குப்பையெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகும். செருப்பு, மெத்தை, ஒருமுறை கதவு திறந்த குளிர்சாதனப் பெட்டி. அடுத்து என்ன வரும் என்று பந்தயம் கட்டுவோம். அசிங்கம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஆறு என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

அந்த ஆற்றுக்கு, கடல் குப்பையை அகற்றும் நெதர்லாந்து அமைப்பான ஓஷன் கிளீனப்பின் குப்பை வாரும் படகு ஒன்றின் செலவை ஏற்பதாக கோல்ட்பிளே 2021இல் அறிவித்திருக்கிறது. 'நியான் மூன் 1' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஆற்றின் குறுக்கே சாய்வாக ஒரு மிதக்கும் தடுப்பு. நீரோட்டமே குப்பையை அதன் ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து படகின் வாயில் சேர்க்கிறது; அங்கிருந்து ஓடும் பட்டை அதை மேலே ஏற்றித் தொட்டிகளில் கொட்டுகிறது. எல்லாம் சூரிய மின்சாரத்தில். படித்து முடித்தபோது மணி இரண்டு. நான் ரசிகனானது அப்போதுதான், அரங்கத்தில் அல்ல.

குறை இல்லாமலும் இல்லை. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத வழி கிடைக்கும்வரை சுற்றுப்பயணம் போகமாட்டோம் என்று 2019இல் சொன்னவர்கள், 2022இல் கிளம்பினார்கள். எரிபொருளுக்காக அவர்கள் கைகோத்த பின்லாந்து நிறுவனத்தைக் காட்டி, இது சுற்றுச்சூழல் அக்கறை என்ற பெயரில் வெறும் பச்சைப் பூச்சு என்று ஐரோப்பாவில் சிலர் சாடினார்கள். அந்த நிறுவனத்தின் பெரிய ஆலை ஒன்று நம் துவாஸில்தான் இருக்கிறது. இருந்தாலும், 2016-17 பயணத்தோடு கச்சேரிக்குக் கச்சேரி ஒப்பிட்டால் நேரடிக் கரியமில வாயு வெளியீடு 59 விழுக்காடு குறைந்தது என்று 2024இல் கணக்கை வெளியே வைத்தார்கள். கணக்கை வெளியே வைப்பவன்மீது எனக்கு எப்போதும் ஒரு மரியாதை.

இதை எழுதக் காரணம் நம் ஊர்த் தமிழ்க் கச்சேரிகள். கொடுக்கும் மனம் நமக்குக் குறைவில்லை. மாதாமாதம் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குச் சம்பளத்தில் பிடிப்பதை நாம் யாரும் முணுமுணுத்துப் பார்த்ததில்லை; தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சென்னையிலிருந்து பெரிய பாடகர்கள் வந்து அரங்கம் நிறையும் இரவுகளில், நான் போனவரை, அந்தப் பேச்சே எழவில்லை. டிக்கெட்டுக்கு ஒரு வெள்ளி ஒதுக்கி, அது எந்த அமைப்புக்குப் போகிறது என்று இடைவேளையில் திரையில் காட்டினால் போதும். பொது நல அமைப்புத் தகுதி பெற்ற அறநிறுவனமாகப் பார்த்துக் கொடுத்தால் தகுதிபெறும் நன்கொடைக்கு 2026 இறுதிவரை 250 விழுக்காடு வரிக்கழிவும் உண்டு. ஏற்பாட்டாளர்களுக்கு இது என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் தம்பி வீட்டுக்குக் கிள்ளான் போகிறேன். அந்தப் படகைத் தேடிப் பிடித்துப் படம் அனுப்பச் சொல்லி மகளின் உத்தரவு.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்