டப்பாவைப் பார்க்காதே, கேமைப் பார்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற சேதியை ஒரே வரியில் முடித்துவிட்டு, உன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபிக்கு என்ன எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். உன் பெண் இதைப் பார்த்தால் உன்னையும் காரோடு ஷெட்டில் படுக்கச் சொல்லிவிடுவாள். இங்கே எல்லோரும் சுகம். கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. டாக்டர் குனிந்து வேலை செய்யக் கூடாது என்று சொன்ன காலமும் முடிந்தது, ஆகவே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதற்கு இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்கிறாய். பழைய எஞ்சின், கெட்டியான ஆயிலாகப் போடு என்றார் ஒருவர். இருப்பதிலேயே விலை கூடிய ஃபுல் சிந்தெடிக் போடு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டு என்றார் இன்னொருவர். இப்போதைய ஆயிலில் ஜிங்க்கே (துத்தநாகமே) கிடையாது, எதை ஊற்றினாலும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தேய்ந்துவிடும் என்று மூன்றாமவர் பயமுறுத்திவிட்டார். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே ஆயில் டப்பாவிலிருந்து பேச ஆரம்பித்திருக்கிறார்கள். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு டப்பாவுக்கு வந்தால் பாதிக் குழப்பம் தானாகவே போய்விடும்.

உன்னுடையது 1972 வண்டி. உள்ளே 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின். கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டில் இல்லை, கீழே பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. அதன்மேல் டாப்பெட் என்ற குட்டிக் கிண்ணம், டாப்பெட்டின்மேல் புஷ்ராட் என்ற கம்பி, அப்புறம் வால்வை அமுக்கும் ராக்கர். டாப்பெட்டின் அடிப்பாகம் தட்டை. நடுவில் உருளை எதுவும் கிடையாது, கேமின் மூக்கு நேராக அந்தத் தட்டையின்மீது உரசிக்கொண்டு போகிறது. வால்வு ஸ்பிரிங்கின் பலம் முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் வந்து விழும் இடம் அது. கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் நிலைமை வேறு. ஷாஃப்ட் சுற்றும் வேகமே ஆயிலை உள்ளே இழுத்து ஒரு படலமாக்கிவிடும், ஷாஃப்ட் அதன்மேல் மிதக்கும். கேமின் மூக்கில் அந்தப் படலம் சரியாக நிற்பதில்லை. இரும்பும் இரும்பும் தொட்டுவிடும்.

அந்த இடத்தில்தான் உன் மூன்றாமவர் சொன்ன ஜிங்க்குக்கு வேலை. இசட்டிடிபி என்று ஒரு சேர்மம். ஜிங்க், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் அதில் உண்டு. 1940களிலிருந்து எஞ்சின் ஆயிலில் சேர்த்து வருகிறார்கள். சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில் இது சிதைந்து, இரும்பின்மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படிவமாக ஒட்டிக்கொள்ளும். உரசும்போது அந்தப் படிவம் தேயும், இரும்பு தப்பிக்கும். தேய்ந்த இடத்தில் மறுபடியும் படியும். பேச்சில் ஜிங்க் என்றாலும், உண்மையில் உழைப்பதில் பாஸ்பரஸுக்குத்தான் பெரிய பங்கு.

அந்தப் பாஸ்பரஸ்தான் வம்புக்கும் காரணம். எந்த எஞ்சினும் கொஞ்சமாவது ஆயிலை எரிக்கும். எரிந்த ஆயிலின் பாஸ்பரஸ் புகையோடு போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின்மேல் படிந்து, நாளாவட்டத்தில் அதை வேலை செய்யாமல் ஆக்கிவிடும். அதனால் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) வகுக்கும் ஆயில் தரம் மாற மாற, பாஸ்பரஸின் உச்ச வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எஸ்ஜே தரத்தில் 0.10 சதவீதமாக இருந்தது, 2004இல் வந்த எஸ்எம் தரத்தில் 0.08 ஆனது. 2010இன் எஸ்என், 2020இன் எஸ்பி இரண்டும் அதே வழியில்தான் போயின. புது எஞ்சின்கள் பலவற்றில் கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே உருளை வந்துவிட்டதால் அவற்றுக்கு இந்த அளவே போதும்.

ஆனால் பயமுறுத்துகிறவர்கள் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த உச்ச வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற நீர்த்த கிரேடுகளுக்குத்தான். 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டியானவற்றைக் கட்டுப்படுத்தாது. அதோடு, 0.06 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று குறைந்தபட்ச வரம்பும் உண்டு. ஆகவே "இன்றைய ஆயிலில் ஜிங்க்கே இல்லை" என்பது சும்மா பேச்சு. நீ வாங்கப்போகும் 20டபிள்யூ-50இல் தேவையான அளவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டப்பாவின் முன்பக்கம் அதைச் சொல்லாது. தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டைத் தேடி எடு. பாஸ்பரஸ் 1000 முதல் 1200 பிபிஎம் வரை, அதாவது 0.10லிருந்து 0.12 சதவீதம் இருந்தால் உன் டாப்பெட்டுக்குத் தாராளம். பழைய கார்களுக்கென்றே விற்கும் ஆயில்கள் பலவும் இந்த எண்ணைக் கூச்சப்படாமல் அச்சிடுகின்றன. எண்ணைச் சொல்லாமல் பழைய காரின் படத்தை மட்டும் போட்டு விற்பதை நான் வாங்க மாட்டேன்.

இதைப் படித்ததும் ஜிங்க் பாட்டில் ஒன்று வாங்கித் தனியாகச் சேர்த்துவிடலாமா என்று உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியாதா? வேண்டாம். ஆயிலில் இருக்கும், அழுக்கைக் கழுவும் டிடர்ஜென்ட்டும் அதே இரும்புப் பரப்பில் இடம் பிடிக்கத்தான் போட்டி போடுகிறது. இரண்டுக்கும் ஒரு கணக்குப் பார்த்துத்தான் ஆயிலைக் கலக்கிறார்கள், அதில் நாம் கை வைத்தால் எது குறைந்தது எது கூடியது என்று யாருக்கும் தெரியாது. இசட்டிடிபி அளவுக்கு மிஞ்சினால் உலோகத்தையே அரிக்கவும் செய்யும். ரேஸ் ஆயிலும் வேண்டாம். அதில் ஜிங்க் நிறைய இருக்கும், ஆனால் அடிக்கடி மாற்றுவார்கள் என்ற நம்பிக்கையில் டிடர்ஜென்ட்டைக் குறைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு அது ஒத்துவராது.

புதுக் கேமும் புது டாப்பெட்டும் மாட்டியிருந்தால் கதையே வேறு. முதல் தடவை ஸ்டார்ட் செய்ததுமே ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் சுமாரில் இருபது நிமிஷம் ஓட்டிப் பழக்குவார்கள். ஐடிலில் கேமின்மேல் தெறிக்கும் ஆயில் போதாது என்பதுதான் காரணம். உன் வண்டியில் இருப்பது பல வருஷம் ஒன்றோடொன்று ஓடிப் பழகிய கேமும் டாப்பெட்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தக் கவலை இல்லை. ஆனால் எப்போதாவது டாப்பெட்டுகளைக் கழற்றினால் எது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளையில் திரும்பப் போட வேண்டும். மெக்கானிக் அனுபவசாலியாகவே இருந்தாலும், கழற்றும்போது நீ பக்கத்தில் இரு.

அடுத்தது கெட்டித்தன்மை. உன் வண்டிக்கு 20டபிள்யூ-50தான், நான் தயங்காமல் சொல்வேன். முன்னால் இருக்கும் எண்ணும் டபிள்யூவும் குளிரில் எப்படி என்பதற்கு. 20டபிள்யூவை மைனஸ் 15 டிகிரியில் சோதிப்பார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30இல். வண்டியை வெயில் நாளில் மட்டுமே வெளியே எடுப்பேன் என்கிற உனக்கு அந்த எண் ஒரு பொருட்டே இல்லை. பின்னால் வரும் 50தான் உனக்கு முக்கியம். 100 டிகிரி சூட்டில் கெட்டித்தன்மை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) வரை இருப்பது 50. 12.5க்கு மேல் 16.3 வரை 40. அதற்கும் கீழே 9.3 வரை 30. அந்தக் காலத்து இடைவெளிகளுக்கு ஏற்பத்தான் கையேட்டில் 20டபிள்யூ-50 போட்டிருக்கிறார்கள்.

நம் ஊகத்தைவிட உன் ஆயில் பிரஷர் மீட்டரை நம்பு. நன்றாகச் சூடானபின் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 என்பது எம்ஜிபி கணக்கு. அதற்குள் இருந்தால் இதைவிடக் கெட்டியான ஆயிலுக்குப் போகாதே. கெட்டி ஆயில் ஊற்றி முள் மேலே ஏறியதும் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரஷர் என்பது ஓட்டத்துக்கு இருக்கும் தடைதான், அதுவே ஓட்டம் ஆகாது. எல்லை தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்துகொண்டு ஆயிலை சம்புக்கே (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டிக்கே) திருப்பி அனுப்பிவிடும், பேரிங்குக்கு ஒரு சொட்டும் கூடுதலாகப் போகாது.

இதே 20டபிள்யூ-50ஐ என் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன். முதல் தலைமுறை வண்டி, இரண்டு கேமும் மேலே ஹெட்டில். வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்ய ஆயிலால் இயங்கும் குட்டி அட்ஜஸ்டர்கள் உள்ளே இருக்கின்றன. அவற்றின் துளைகள் நுண்ணியவை. கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமானால் காலையில் டிக் டிக் என்று தட்ட ஆரம்பித்துவிடும். கையேடு சொன்ன 10டபிள்யூ-30இலேயே ஓட்டுகிறேன், குளிர் கூடினால் 5டபிள்யூ-30. இரண்டும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான், இரண்டுக்கும் இரண்டு கதவு. ஆனால் உனக்கு மருந்து எனக்கு விஷம். பிஎம்டபிள்யூ எம்3யில் எஸ்54 எஞ்சின் வைத்திருப்பவர்கள் 10டபிள்யூ-60 தேடி அலைகிறார்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-7இன் ரோட்டரி எஞ்சினோ ஆயிலைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பீய்ச்சி எரித்துக்கொள்ளும்படி கட்டப்பட்டது. வண்டியின் வயதை மட்டும் வைத்து ஆயில் சொல்கிறவர்களிடம் இதையெல்லாம் கேட்டுப் பார்.

சிந்தெடிக் பற்றி. பழைய சீலைத் தின்றுவிடும், ஒழுகும் என்று பயப்படுகிறாய். ஆரம்ப காலச் சிந்தெடிக் சிலவற்றில் உண்மையிலேயே சீல்கள் லேசாகச் சுருங்கின. இப்போது சீலை உப்ப வைக்கும் எஸ்டர் என்ற சேர்மத்தையும் கலந்து சமன்செய்துவிடுகிறார்கள். ஆனால் பழைய எஞ்சினில் கசடே அடைப்பாக நின்று ஒழுகலைத் தடுத்துக்கொண்டிருக்கும். நல்ல டிடர்ஜென்ட் உள்ள ஆயில் அதைக் கழுவிவிட்டால் ஒழுகல் வெளியே தெரியும், பழி ஆயில்மேல் விழும். உன் எஞ்சினில் பக்கவாட்டு டாப்பெட் மூடிகளின் கார்க் கேஸ்கெட்டை முதலில் பார், பி-சீரிஸ் ஒழுகுவதற்கு அது பேர்போன இடம். மற்றபடி சிந்தெடிக் உனக்குக் கெடுதல் இல்லை, அவசியமும் இல்லை. நீண்ட நாள் உழைப்பதுதான் அதன் பெரிய பலம். நீயோ வருஷத்துக்கு ஒருமுறை எப்படியும் மாற்றப்போகிறாய்.

5டபிள்யூ-50 என்று அகலமான கிரேடைப் பார்த்து மயங்காதே. இரண்டு எண்களுக்கும் நடுவே தூரம் கூடக் கூட, அதை எட்டப் பெரும்பாலும் பாலிமர் நிறையச் சேர்க்க வேண்டியிருக்கும். எஞ்சினுக்குள் அரைபட்டு அரைபட்டு அந்தப் பாலிமர் துண்டாகும், டப்பாவில் 50 என்று போட்டது சம்பில் 40 ஆகிவிடும். 20டபிள்யூ-50க்கு அவ்வளவு பாலிமர் தேவைப்படுவதில்லை. நல்ல மினரல் ஆயில் போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வருஷம் ஒருமுறை என்றேனே, அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று கணக்குப் பார்ப்பாய். ஓடாமல் நிற்பதுதான் ஆயிலைக் கெடுக்கிறது. சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பெட்ரோல் கொஞ்சம் சம்புக்கு இறங்கும். எரிதலில் உண்டான நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகும், அமிலமும் சேரும். வண்டியை நிறுத்திப்போடும் காலம் வந்தால், நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடு, அழுக்கு ஆயிலோடு மாதக்கணக்கில் தூங்கவிடாதே. வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடவிடும் பழக்கத்தையும் விட்டுவிடு. தண்ணீர் சூடாகிவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். எடுத்தால் அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்டு, இல்லாவிட்டால் தொடவே தொடாதே.

ஃபில்ட்டர் வாங்கும்போது, நிறுத்தியபின் ஆயில் வடிந்து போகாமல் தடுக்கும் வால்வு உள்ளதா என்று கேட்டு வாங்கு. சில பி-சீரிஸ் எஞ்சின்களில் ஃபில்ட்டர் தலைகீழாக நிற்கும், வால்வு இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் பிரஷர் ஏறக் காத்திருக்க வேண்டிவரும். கியர்பாக்ஸையும் கேட்டிருந்தாய். அதற்கும் ஓவர்டிரைவுக்கும் உன் வருஷத்துக் கையேடு சொல்வது எஞ்சின் ஆயிலைத்தான். யாராவது ஜிஎல்-5 கியர் ஆயிலை நீட்டினால் வாங்காதே.

அடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் எழுது: நன்றாக ஓடிச் சூடானபின் ஐடிலில் பிரஷர் எவ்வளவு, 3000 ஆர்பிஎம்மில் எவ்வளவு, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்ப மிதித்ததும் நீலப் புகை வருகிறதா இல்லையா. புகை வந்தால் வால்வு சீலைப் பற்றிப் பேசுவோம், அதற்கு ஆயில் மாற்றிப் பயனில்லை. பிரஷர் சரியாக இருந்தால் நேராகப் போய் டப்பாவை வாங்கிவிடு, என் பதிலுக்குக் காத்திருக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்

பி.கு. பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிடு, கசடும் சேர்ந்து வரும். சம்ப் பிளக்கின் செம்பு வாஷரையும் அப்போதே புதிதாக மாற்று.