ரைட்டிங்கில் சி வாங்கிய தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ஓ.இ.டி. ரிசல்ட்டைப் பார்த்தேன், வெளிநாட்டில் வேலைக்குப் போக நம்மைப் போன்ற நர்ஸ்கள் எழுதுகிற அந்த இங்கிலீஷ் பரீட்சை. லிசனிங் 370, ரீடிங் 360, ஸ்பீக்கிங் 350, ரைட்டிங் 270. அதற்குக் கீழே ஒரு வரி: 'அக்கா, எனக்கு இங்கிலீஷ் வராது, விட்டுடறேன்.' நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய் நிதானமாகப் பதில் போடலாம் என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை, பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டேன். இதே ரைட்டிங்கில் மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பதால் எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். உன் பெயர் இதில் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்கிற என்.எம்.சி., மூன்று பிரிவில் பி கேட்கிறது, அதாவது 350. ரைட்டிங்கில் மட்டும் சி பிளஸ், 300 போதும். 2020 ஜனவரி வரைக்கும் அதிலும் பி கேட்டார்கள். ஆக உனக்குக் குறைவது 30 மார்க். 12 மாதத்துக்குள் இன்னொரு முறை எழுதி இரண்டு ரிசல்ட்டையும் கிளப் பண்ணலாம், அதாவது சேர்த்துக் காட்டலாம். நான்கு பிரிவையும் மறுபடி எழுத வேண்டும்தான். ஆனால் அடுத்த முறை ரைட்டிங்கில் 300 வந்து, மற்ற மூன்றும் 300க்குக் கீழே இறங்காமல் இருந்தால் உன் வேலை முடிந்தது. இதை உன் கோச்சிங் சென்டரில் ஒருவரும் சொல்லவில்லை என்றாயே, அது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. வளையலை அடகு வைத்துப் பரீட்சைக்குப் பணம் கட்டிய பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

சரி, இப்போது கடிதத்துக்கு வருவோம். ரைட்டிங்கில் கேட்பது அதுதானே: ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளை, அதாவது கேஸ் நோட்ஸைக் கொடுத்து, அவரை அடுத்துப் பார்க்கப்போகிறவருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் பழகியது என்று நீ அனுப்பிய கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உன் இங்கிலீஷில் பெரிய பிழை இல்லை. அங்கே ஒரு ஆர்ட்டிகிள் விட்டுப்போயிருக்கிறது, இங்கே ஒரு டென்ஸ் தடுமாறுகிறது. அதனால் மட்டும் 270 வராது. கேஸ் நோட்ஸில் இருந்த அத்தனையையும் கடிதத்துக்குள் கொட்டிவிட்டாய், அதுதான் விஷயம். 180லிருந்து 200 வார்த்தைக்குள் முடிய வேண்டிய கடிதம் 270ஐத் தாண்டி நிற்கிறது.

அந்தக் கேஸையே எடுத்துக்கொள்வோம். 74 வயது அம்மா, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறார். கடிதம் போவது வீட்டுக்கு வந்து பார்க்கப்போகும் கம்யூனிட்டி நர்ஸுக்கு. நோட்ஸில் என்னென்ன இருந்தது? 1985இல் அப்பென்டிக்ஸ் ஆபரேஷன், மகன் கனடாவில், பென்சிலின் அலர்ஜி, ஆபரேஷன் அன்றைய பிளட் பிரஷர், தையல் கிளிப் எடுக்க வேண்டிய தேதி, ரத்தம் உறையாமல் இருக்க 28 நாள் போட வேண்டிய எனாக்ஸாபரின் ஊசி, வீட்டில் தனியாக இருக்கிறார், வாக்கர் வைத்து நடக்கிறார், ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பயப்படுகிறார். நீ அப்பென்டிக்ஸில் ஆரம்பித்தாய். கிளிப் எடுக்கிற தேதி கடைசிப் பத்தியில், 'தாங்க் யூ'வுக்கு மேலே ஒளிந்துகொண்டிருக்கிறது.

அந்த கம்யூனிட்டி நர்ஸை நினைத்துப் பார். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த அம்மா வீட்டு வாசலில் உன் கடிதத்தைப் படிக்கிறார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவருக்கு முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும்: கிளிப் எடுக்கணும், ஊசி போடணும், தனியாக இருக்கிறவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கணும். அலர்ஜி கட்டாயம் இருக்கணும். 1985ஆம் வருஷத்து அப்பென்டிக்ஸ் அவருக்கு எதற்கு? கனடா மகன் எதற்கு என்று கேட்டால், தனியாக இருக்கிறார், பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லை என்பதற்காக அரை வரி கொடுக்கலாம். அவ்வளவுதான்.

திருத்துகிறவர்கள் ஆறு விஷயம் பார்க்கிறார்கள். அதில் மொழி ஒன்றுதான். எதற்காக எழுதினாய் என்பது உடனே புரிகிறதா, வேண்டியது இருக்கிறதா, வேண்டாதது தவிர்க்கப்பட்டிருக்கிறதா, வரிசை சரியா, தொனி சரியா என்பதெல்லாம் மற்ற ஐந்து. இது நர்ஸ் வேலை தங்கச்சி. இதை நீ தினமும் காலையில் செய்கிறாய். உன்னோடு ஒரே வார்டில் இருந்தபோது நீ ஹேண்ட்ஓவர் கொடுத்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, ஏழாம் பெட், நேத்து ஹெர்னியா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யூரின் போகலை, கதீட்டர் போட்டோம், 600 வந்துச்சு. ரவுண்ட்ஸ்ல சார்கிட்ட சொல்லணும்." அவ்வளவுதான் சொன்னாய். அவர் மகன் எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்லவில்லையே. அடுத்து டியூட்டிக்கு வருகிறவளுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதே ஆளாகப் போய் உட்கார்ந்து கடிதம் எழுது.

மனப்பாடம் செய்து வைத்திருக்கிற அந்தத் தொடக்க வரிகளையும் விட்டுவிடு. எல்லாக் கடிதத்துக்கும் பொருந்துகிற வரி எந்த நோயாளியைப் பற்றியும் எதுவும் சொல்லாது. முதல் 5 நிமிஷம் எழுதக் கூடாது, படிக்க மட்டும்தான். அந்த நேரத்தில் கடைசியில் இருக்கிற கேள்வியை முதலில் படி. யாருக்கு, எதற்கு என்று தெரிந்த பிறகு நோட்ஸுக்குப் போ. அப்புறம் 40 நிமிஷம் இருக்கிறது, 200 வார்த்தைக்கு அது தாராளம்.

லிசனிங், ரீடிங் பற்றி எனக்குப் பயமில்லை. ரீடிங் முதல் பகுதிக்கு 15 நிமிஷம்தான், 20 கேள்வி, அதை மட்டும் கடிகாரம் வைத்துப் பழகு.

ஸ்பீக்கிங்கில் 350 என்பது விளிம்பு. கிளப் பண்ண 300 போதும் என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் முதல் தடவை விழுந்தது இதில்தான். எதிரில் இருப்பவர் கையில் ஒரு கார்டை வைத்துக்கொண்டு நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாகப் பேச வேண்டும். எனக்கு வந்தது, சர்க்கரை நோயாளி ஒருவர் இன்சுலின் வேண்டாம் என்கிறார், சம்மதிக்க வைக்க வேண்டும். 5 நிமிஷமும் நானே பேசினேன், எல்லாம் சரியான தகவல். ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஊரில் நம் வார்டில் ஒரு நர்ஸுக்கு நாற்பது பேர் இருக்கும்போது 'போட்டுக்கோங்க பாட்டி, டாக்டர் சொல்லிட்டார்' என்று நகர்ந்துவிடுவோம், கேட்க நேரமில்லை. அந்தப் பழக்கம்தான் எனக்கு மார்க்கைக் குறைத்தது. இரண்டாம் தடவை முதல் கேள்வியே 'இதில் உங்களுக்கு என்ன கவலை?' என்று கேட்டேன். எதிரில் இருந்தவர் தன் கார்டில் இருந்ததை மடமடவென்று சொல்லிவிட்டார், அவருடைய அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த வருஷம்தான் ஒரு காலை வெட்டி எடுத்தார்களாம். அதற்குப் பிறகு நான் பேசியது வேறு பேச்சு.

இங்கே இங்கிலாந்துக்கு வந்து பார்த்தால் அந்தக் கேள்விதான் தினமும் வேலை செய்கிறது. வந்த புதிதில் ஒரு பாட்டி 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றார், காசு கேட்கிறாரோ என்று முழித்தேன். பாத்ரூம் போக வேண்டுமாம். எந்தப் பரீட்சையும் அதைச் சொல்லித் தராது. 'என்ன வேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்களேன்' என்று கேட்கத் தெரிந்திருந்தது, அதனால் அவர் படுக்கை நனையவில்லை.

ஞாயிறு உனக்கு ஆஃப் என்றாய். உனக்கு மதியம் 3.30 என்றால் எனக்குக் காலை 11, நானும் வீட்டில்தான் இருப்பேன். அந்த 74 வயது அம்மாவின் கடிதத்தைத் திரும்ப எழுதி, சனிக்கிழமை ராத்திரிக்குள் போட்டோ எடுத்து அனுப்பு. வார்த்தையை எண்ணி மேலே குறித்து வை. ஞாயிற்றுக்கிழமை போனில் நான்தான் அந்த அம்மா, ஊசி வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கப்போகிறேன். ஏன் என்று நீ கேட்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அக்கா